ஐந்து நட்சத்திரமும் ஓர் எச்சிற் கோப்பையும்

சென்ற தவணை முடிவில் ஒரு நண்பகல். விடைத்தாள்களைத் திருத்தி முடித்த களைப்போடு ஆசிரியர் ஓய்வறையில் சிலர் அமர்ந்திருந்தோம். சக ஆசிரியர் ஒருவர் தமது கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, வெற்றி பெற்ற ஒருவரின் குரலிலே கூறினார்: "அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினன். ரண்டு நாளிலை முதலாளி மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டிட்டார். பரிமாறின பொடியனையும் நிப்பாட்டிப் போட்டாராம். இதுதான் மாஸ்டர் சனநாயகம்!"

அவர் தீயவர் அல்லர். தொழிற்சங்கக் கூட்டங்களுக்குத் தவறாது வருபவர். மே தினத்தன்று செங்கொடி பிடித்து நடப்பவர். ஆதலினாலேயே அவரது கூற்று என்னை உறுத்தியது. அந்தப் 'பொடியன்' யாரென்பதை நான் அறிவேன். எமது பாடசாலையிலே க.பொ.த. சாதாரண தரம் வரை படித்தவன். என் தமிழ் வகுப்பிலே பின்வரிசையில் இருந்தவன். தந்தையின் உழைப்பு நின்றதும் புத்தகத்தை மூடிவிட்டு நாட்கூலிக்குப் போனவன். அவன் வேலை இழந்த செய்தியை ஓர் ஆசிரியர் சனநாயகத்தின் வெற்றி என்று அறிவிக்க, ஏனைய ஆசிரியர்கள் தலையசைத்துக் கேட்டிருந்தோம். அவர்களுள் நானும் ஒருவன். அன்று பேசாது விட்டதை இன்று எழுதுகின்றேன்.

இன்று படித்தவர்களிடையே ஒரு வாதம் பரவலாக வழங்குகின்றது. "முன்பு கடை முதலாளி வைத்ததே சட்டம், சோறு ஊசிப்போனாலும் உண்டவன் வாய் திறக்க முடியாது. இன்று உண்டவன் கையிலே ஐந்து நட்சத்திரங்கள் உள்ளன. அவன் குறை சொன்னால் உலகம் முழுவதும் படிக்கும். முதலாளி அஞ்சுவான், திருந்துவான். ஆகவே இது சாதாரண மக்களின் கைக்கு வந்த அதிகாரம்" என்பது அவ்வாதம். கேட்பதற்கு இனிய வாதம். அதிலே ஒரு துணுக்கு உண்மையும் உண்டு. ஆனால் அத்துணுக்கைக் காட்டி முழுப் பொய்யொன்றை விற்க முனைகையில் நாம் வாளாவிருத்தல் தகாது.

நடந்தது என்ன?

சில நாட்களின் பின் நான் அக்கடைக்குப் போனேன். பெரிய உணவகம் அன்று. பேருந்து நிலையத்துக்கு அண்மையில், ஒன்பது மேசைகள் கொண்ட ஒரு மரக்கறிச் சாப்பாட்டுக் கடை. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் சோறு, மாலையில் வடையும் பிளேன்ரீயும். முதலாளியே காசு மேசையில் இருப்பார். அவர் மனைவி உள்ளே கறி கூட்டுவார்.

என் நண்பர் எழுதிய குறைகளில் ஒன்றேனும் பொய்யன்று. சோறு ஆறியிருந்தது, ரசம் கேட்டுக் கால் மணி நேரம் கழித்தே வந்தது, தண்ணீர்க் குவளையில் கறை இருந்தது, பரிமாறியவன் 'முகத்தை நீட்டிக்கொண்டு' நின்றான். அத்தனையும் உண்மையே. ஆயினும் அவை ஏன் நிகழ்ந்தன? அக்கடையிலே முன்பு பரிமாறுவதற்கு இருவர் இருந்தனர். செலவு கட்டாதென்று ஒருவரை முதலாளி முன்னரே நிறுத்திவிட்டார். எஞ்சிய ஒருவன் ஒன்பது மேசைக்கும் பரிமாற வேண்டும். எச்சிற் கோப்பை எடுக்க வேண்டும். மேசை துடைக்க வேண்டும். இடையிடையே பின்னால் ஓடிக் குவளை கழுவ வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தவன் பிற்பகல் ஒரு மணிக்குச் சிரிக்கவில்லை என்பது எமது ஆசிரியரின் முறைப்பாடு.

முதலாளியிடம் இதனைக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கைத்தொலைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "சேர், நான் என்ன செய்ய? இந்த ஒரு நட்சத்திரம் விழுந்த பிறகு வெளியூர்ச் சனம் இதைப் பாத்திட்டு அடுத்த கடைக்குப் போகுது. பதிலும் நான் எழுதேல்லை. கனடாவிலை இருக்கிற மருமோன்தான் இங்கிலீசிலை எழுதினவன். திருத்திப்போட்டம் எண்டு எழுதினால், எதைத் திருத்தினதெண்டு காட்ட வேணுமே? இன்னொரு ஆளை வைக்கக் காசில்லை. பொடியனை நிப்பாட்டினதைத்தான் காட்டலாம்."

முழு விவகாரத்தின் உட்பொருளும் இக்கடைசி வசனத்தில் அடங்கியிருக்கின்றது. குறை உண்மை, குற்றவாளி பொய். ஆறிய சோற்றுக்குக் காரணம் ஆள் பற்றாக்குறை. அதனைத் திருத்தப் பணம் வேண்டும். பொடியனை நிறுத்தச் சதமும் செலவில்லை. ஆகவே குறை அப்படியே கிடக்க, குற்றவாளி மட்டும் தண்டிக்கப்படுகின்றான். நான் போன அன்று மற்றொரு சிறுவன் அதே ஒன்பது மேசைக்கும் தனியே ஓடிக்கொண்டிருந்தான். அன்றும் சோறு ஆறித்தான் இருந்தது.

சிறு கடை குறையைக் கையாளும் விதம்

சிறு உணவுக்கடைகள் குறைகளை எவ்வாறு கையாளுகின்றன என்பதைக் கடைகளில் உண்டு வளர்ந்த எவரும் அறிவர். நேரில் சொல்லப்படும் குறைக்கு ஒரு பழைய மருந்து உண்டு. முதலாளி எழுந்து வருவார். "குறை நினையாதேங்கோ" என்பார். கோப்பையை மாற்றித் தருவார். ஒரு கரண்டி சம்பல் கூட வைப்பார். சில வேளை காசு வாங்க மறுப்பார். உண்டவர் மனம் ஆறிப் போவார். அவர் வாசலைத் தாண்டியதும் குசினிக்குள்ளே ஏச்சு விழும். மாற்றிக் கொடுத்த கோப்பையின் விலை மாலையிலே பரிமாறியவனின் கூலியில் கழியும். உண்டவருக்குக் கிடைத்த மரியாதைக்கு யார் விலை கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயல்வதுமில்லை.

இணையத்தில் வரும் குறைக்கு மருந்து வேறு. அங்கே உண்டவர் ஒருவர் மட்டும் அல்லர். இனி உண்ண வரக்கூடிய அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஆகவே கடைக்காரர் பதில் எழுதுவது குறை சொன்னவருக்கு அன்று, பார்வையாளருக்கு. 'வருந்துகின்றோம், சம்பந்தப்பட்ட ஊழியர் எச்சரிக்கப்பட்டுள்ளார்' என்ற வாசகம் அதனாலேயே எங்கும் ஒரே அச்சில் வார்த்தது போலக் காணப்படுகின்றது. பதில் எழுதி முடிந்ததும் அடுத்த வேலை, விழுந்த ஒற்றை நட்சத்திரத்தை மூடி மறைப்பது. உறவினர், நண்பர், வெளிநாட்டிலுள்ள ஊரவர் எல்லாரிடமும் ஐந்து நட்சத்திரம் இரந்து பெறுவர். அக்கடையில் ஒரு வாய் நீரும் அருந்தாதவர்கள் அதன் சுவையைப் புகழ்ந்து எழுதுவர். குசினியில் மாற்றம் எதுவுமில்லை. திரையில் மட்டும் மாற்றம்.

மூன்றாவது வகையினரும் உளர்: குறை சொன்னவரோடு மல்லுக்கு நிற்போர். இவர்களது முரட்டுத்தனத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் மூன்று வழிகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. குறை எங்கே பிறந்தது என்ற கேள்வி எந்த வழியிலும் எழுவதில்லை.

நட்சத்திரம் யாருடையது?

இனி, நட்சத்திரங்கள் மக்களுடைய அதிகாரம் என்ற கூற்றை ஆராய்வோம். ஹாவர்ட் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கல் லூக்கா என்ற ஆய்வாளர் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உணவகங்களின் வருமானத்தை, யெல்ப் என்னும் தளத்தில் அவை பெற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிட்ட ஆய்வு அது. ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகின்றது என்று கண்டார். நமது நண்பர்கள் இதனை மட்டுமே மேற்கோள் காட்டுவர். ஆனால் அதே ஆய்வின் அடுத்த முடிவு யாது? இவ்விளைவு தனித்து நிற்கும் உணவகங்களுக்கே உண்டு. பல கிளை பரப்பிய பெரும் நிறுவனங்களை அது பாதிக்கவில்லை. பெருநிறுவனத்துக்கு விளம்பரம் இருக்கின்றது; அதன் பெயரை உலகம் அறியும்; ஒருவர் ஒரு நட்சத்திரம் இட்டாலும் பத்து இட்டாலும் அது அசையாது. ஒன்பது மேசைக் கடைதான் அசையும், சாயும். முதலாளித்துவத்தின் மாளிகைக்கு எதிராக எறிந்ததாக நாம் எண்ணும் கல், அதன் வாசலிலே கடலை விற்பவனின் தலையில் விழுகின்றது.

அது மட்டுமன்று. அந்நட்சத்திரங்களில் எத்தனை மெய்யானவை? லூக்காவும் சேர்வாஸ் என்ற மற்றோர் ஆய்வாளரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பொஸ்டன் நகர உணவகங்கள் பற்றி எழுதப்பட்டவற்றுள் ஏறத்தாழ 16 சதவீதத்தை அத்தளமே ஐயத்துக்குரியவை என ஒதுக்கியிருந்ததைக் காட்டுகின்றது. போட்டி மிகும் இடத்தில் அயற்கடைக்காரனைத் தாழ்த்தி எழுதும் போலிக் குறைகளும் மிகும் என்றும் அவ்வாய்வு கூறுகின்றது. 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், தாம் குடியிருந்த தோட்டக் கொட்டிலை ஓர் உணவகம் எனப் பதிவு செய்து, நண்பர்களைக் கொண்டு புகழுரை எழுதுவித்தார். ஒரு கோப்பை சோறும் விற்காத அக்கொட்டில், ட்ரிப்அட்வைசர் தளத்தில் லண்டன் மாநகரின் முதலாவது உணவகமாக உயர்ந்தது! 2022இல் அமெரிக்க நகரங்களில் உணவகங்களுக்கு ஒற்றை நட்சத்திரங்களைச் சரமாரியாக இட்டுவிட்டு, அவற்றை நீக்க 75 டொலர் பெறுமதியான பரிசு அட்டை கேட்டு மிரட்டிய கும்பல்களும் தோன்றின. ஐக்கிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் போலி விமரிசனங்களுக்கு எதிராக 2024இல் விதிகளும் சட்டமும் இயற்ற நேர்ந்ததே இந்நோயின் பரவலுக்குச் சான்று.

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் பொட்டோ பிஸ்ட்ரோ என்ற சிறிய இத்தாலிய உணவகம் 2014இல் வேறொன்று செய்தது. தமக்கு ஒரு நட்சத்திரம் இட்டு ஏசி எழுதுவோருக்குப் பீட்சாவின் விலையில் 25 சதவீதம் கழிவு தருவதாக அறிவித்தது. மக்கள் சிரித்துக்கொண்டே ஏசி எழுதினர், கடை நிரம்பியது. நட்சத்திரத்துக்கு அஞ்சாதவன் முன் நட்சத்திரம் பயனற்றுப் போகும் என்பதை அவர்கள் காட்டினர். ஆனால் இதனை நாம் தீர்வெனக் கொள்ள முடியாது. அது ஒரு முதலாளியின் துணிச்சல். நமது ஊரில் அடுத்த மாதக் கடை வாடகைக்கு வழி தேடுபவருக்கு அத்துணிச்சல் எங்கிருந்து வரும்? மேலும், உண்டவனின் நியாயமான குறைக்கும் அது பதிலன்று.

தளத்தை நடத்துவோர் இவற்றில் எதனையும் பற்றிக் கவலைப்படுவதில்லை. புகழ்ந்து எழுதினாலும் இகழ்ந்து எழுதினாலும் எழுதுபவன் கூலியின்றி உழைக்கின்றான். அவன் எழுத்தின் பக்கத்திலே விளம்பரம் ஓடுகின்றது. அதன் வருவாய் கடல் கடந்து செல்கின்றது. நமது ஆசிரியர் தமது அதிகாரம் என்று எண்ணி எழுதிய பத்து வரிகள், யாரோ ஒரு பெருநிறுவனத்துக்கு அவர் இலவசமாகச் செய்து கொடுத்த வேலை.

தேநீர்க்கடை வாசலில் ஒரு வரலாறு

உண்மையான குறைகூறல் எவ்வாறு இருக்கும் என்பதை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளின் வாசலிலேயே அவ்வரலாறு இருக்கின்றது.

ஒடுக்கப்பட்ட சாதியினர் என ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் இக்கடைகளின் உள்ளே வர முடியாதிருந்த காலம் ஒன்று இருந்தது. வெளியே நின்றோ நிலத்தில் குந்தியிருந்தோ, தமக்கெனப் புறம்பாக வைக்கப்பட்ட போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சாதி காரணமாக ஒருவரைப் பொது இடங்களில் மறுத்தலைக் குற்றமாக்கியது. ஆயினும் சட்டம் நூலில் இருந்தது. போத்தல் கடையில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அடுத்த ஆண்டு உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானை முதலிய இடங்களில் தேநீர்க்கடைகளின் உள்ளே சென்று சமமாக அமர்ந்து குடிப்பதற்கு நடந்த போராட்டங்களுமே அப்போத்தலை உடைத்தன. அடி விழுந்தது, உயிர்கள் போயின. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் பிறந்த மண் அது.

அதுவும் உணவுக்கடை பற்றிய ஒரு முறைப்பாடுதான். ஆனால் அதற்கும் இன்றைய நட்சத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குங்கள். அவர்கள் மறைந்திருந்து எழுதவில்லை. நேரே சென்று அமர்ந்தனர். தனித்தனியே செல்லவில்லை; கூட்டாகச் சென்றனர். 'எனக்கு நல்ல சேவை தா' என்று கேட்கவில்லை. 'எல்லாருக்கும் ஒரே குவளை' என்று கேட்டனர். பேணியைக் கையில் தந்த சிப்பந்தியை நிறுத்து என்று அவர்கள் கேட்கவில்லை. பேணி வைக்கும் முறையை நிறுத்து என்றனர். ஆகவேதான் அவர்களது முறைப்பாடு உரிமையாயிற்று. நமது முறைப்பாடு வெறும் எரிச்சலாய் நிற்கின்றது.

இதிலே மற்றொரு முரண்பாடும் உண்டு. அன்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று அதே கடைகளின் உள்ளே எச்சிற் கோப்பை எடுக்கின்றனர். அவர்களை விரல் சொடுக்கி அழைக்கும் கனவான்கள் பலரை நான் கண்டிருக்கின்றேன். வயதில் மூத்த சிப்பந்தியையும் 'டேய்' என்று அழைப்போர் உளர். உண்டவருக்குக் கடையை அளக்க ஐந்து நட்சத்திரம் உண்டு. கோப்பை எடுப்பவனுக்கு உண்டவரை அளக்க அரை நட்சத்திரமும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் பேசும் இடத்துக்குச் சனநாயகம் என்று பெயரிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

யாருடைய குறை கேட்கப்படுகின்றது?

2024 ஏப்ரலில் இரு சம்பவங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. கொழும்பு புதுக்கடைப் பகுதியில் கொத்துறொட்டியின் விலை பற்றி வெளிநாட்டுப் பயணி ஒருவரை மிரட்டியதாக ஒரு கடைக்காரர் கைதானார். களுத்துறைப் பகுதியில் ஒரு வடைக்கும் தேநீருக்கும் வெளிநாட்டவர் ஒருவரிடம் 800 ரூபா வாங்கியதாக மற்றொருவர் கைதானார். இரண்டுக்கும் சான்று பயணிகளின் ஒளிப்படக் கருவி. ஏமாற்றியதையும் மிரட்டியதையும் நாம் நியாயப்படுத்தவில்லை. நாம் கேட்பது இதுதான்: அதே கடைகளிலே மூட்டை சுமக்கும் நாட்டாமையும் முச்சக்கரவண்டிச் சாரதியும் அன்றாடம் கொடுக்கும் விலை பற்றி எந்தப் பொலிஸ் நிலையம் அத்துணை வேகமாக எழுந்தது? குறையின் பெறுமதி குறையிலே இல்லை. அதனைச் சொல்பவனின் சட்டைப்பையிலே இருக்கின்றது என்பதையே அச்சம்பவங்கள் காட்டின.

சிறு கடையில் உண்போருள் மிகப் பலர் தொழிலாளர். நட்சத்திரம் எழுதுவோருள் மிகப் பலர் நம் போன்றோர். ஊசிய பருப்பை உண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போகும் மனிதனின் குறை எந்தத் திரையிலும் ஏறுவதில்லை. குளிரூட்டி வேலை செய்யவில்லை என்பதும், பொடியன் சிரிக்கவில்லை என்பதும் ஏறுகின்றன.

எதிர்வாதங்கள்

"அப்படியாயின் கெட்டுப்போன உணவைத் தந்தாலும் பேசாதிருப்பதா?" என்று கேட்பர். ஒருபோதும் இல்லை. பேச வேண்டும், உரத்துப் பேச வேண்டும். உணவு உடலைக் கெடுத்தால் அது தனிமனிதச் சுவை பற்றிய விடயமன்று. பொதுச் சுகாதாரம் பற்றியது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நமக்கு இருக்கின்றது. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கின்றார். விலையிலும் அளவிலும் மோசடி நடந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கின்றது. 1977 என்ற இலக்கத்துக்கு எவரும் முறையிடலாம். பரிசோதகர் வந்தால் கிணற்றையும் கழிவு வாய்க்காலையும் குசினியையும் பார்ப்பார். பொறுப்பை உரிமையாளரிடம் வைப்பார். நட்சத்திரமோ கழிவு வாய்க்காலைப் பார்ப்பதில்லை. பொடியனின் முகத்தைப் பார்க்கின்றது. நமது நண்பர்களில் எத்தனை பேர் பரிசோதகரிடம் ஒரு முறைப்பாடேனும் கொடுத்திருக்கின்றனர்? அதற்குப் பெயரும் கையொப்பமும் வேண்டுமல்லவா!

"சிறு முதலாளியும் ஏழைதானே, அவனைக் கண்டிப்பது ஏன்?" என்பது மறுபக்கத்திலிருந்து வரும் வாதம். அவர் நெருக்கப்படுகின்றார் என்பது மெய். 2022ஐ நாம் மறக்கவில்லை. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் எரிவாயு 2,675 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 4,860 ரூபாவுக்கு ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. எரிவாயுக்கு வரிசையில் நின்று, பின்பு விறகடுப்பு மூட்டிக் கடை நடத்தியோரை நாம் கண்டோம். பலர் கதவை மூடினர். ஆனால் நெருக்கப்படுபவன் தன் நெருக்கடியை எங்கே இறக்குகின்றான் என்பதே கேள்வி. வாடகைக்காரரிடம் இறக்க முடியாது, வங்கியிடம் முடியாது, எரிவாயு நிறுவனத்திடம் முடியாது. தன்னிலும் மெலிந்த ஒருவன் மீதே இறக்குகின்றான்.

அவ்வாறு இறக்குவதற்குச் சட்டம் அவருக்கு உரிமை தரவில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி நேரம் என்று வேலைநேரத்தை வரையறுத்தது. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டின் திருத்தத்தால் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. விடியல் ஐந்து மணி முதல் இரவு வரை நிற்பவனிடம் இச்சட்டங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவன் கேள்விப்பட்டிருக்க மாட்டான். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம். பதினொரு ஆண்டுகள் நம் முன்னே வாங்கில் இருந்தவன் அவன். நன்னூற் சூத்திரத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தோம். நாளை அவன் கூலி வாங்கப் போகும் இடத்தின் சட்டத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

செய்யத்தக்கது

வெறும் கண்டனத்தோடு நிற்பது நமது நோக்கமன்று. செய்யத்தக்கவை சில உண்டு, அவை எளியவை.

ஆசிரியர்களும் மாணவர்களும் முதலிற் செய்ய வேண்டியது, குறையை அவ்விடத்திலேயே, அதனைத் திருத்தும் ஆற்றல் உள்ளவரிடம் சொல்வது. அஃதாவது முதலாளியிடம், பரிமாறுபவனிடம் அன்று. சொல்லும்போது பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளைப் பற்றி அன்று. 'சோறு ஆறியிருக்கின்றது' என்பது குறை. 'இந்தப் பொடியன் சரியில்லை' என்பது தீர்ப்பு. தீர்ப்பு வழங்க நாம் யார்? இணையத்தில் எழுதித்தான் ஆக வேண்டுமெனின், ஊழியரின் பெயரையோ தோற்றத்தையோ படத்தையோ அதில் இடாதிருப்போம். 'ஆள் போதாமல் ஒருவனே ஒன்பது மேசைக்கு ஓடுகின்றான்' என்று எழுதுவோம். அது கடைக்காரர் திருத்த வேண்டியதைச் சரியாகச் சுட்டும்.

கடைக்காரர் செய்யத்தக்கதும் உண்டு. காசு மேசைக்குப் பக்கத்திலே ஒரு பயிற்சிக் கொப்பியும் பென்சிலும் நூலில் கட்டித் தொங்கவிட அதிகம் செலவாகாது. எழுதத் தெரியாதவர் சொல்ல, முதலாளியே எழுதலாம். கிழமைக்கு ஒரு நாள் கடை பூட்டியபின், சமைப்பவரும் பரிமாறுபவரும் கோப்பை கழுவுபவரும் கூடியிருக்க அதை வாசிக்கலாம். சோறு ஏன் ஆறுகின்றது என்பதை முதலாளியை விடச் சிப்பந்தி நன்கறிவான். அவனைக் கேட்டால் சொல்வான். அவன் கூலியில் கழிப்பதில்லை என்ற உறுதி இருந்தால் மறைக்காமற் சொல்வான். இணையத்தில் பதில் எழுதும்போது 'இன்னாரை எச்சரித்தோம்' என்று எழுதுவதை விடுத்து, 'மத்தியானத்துக்கு இன்னும் ஒருவரைச் சேர்த்துள்ளோம்', 'தண்ணீர்த் தாங்கியைக் கழுவினோம்' என்று செய்ததை எழுதட்டும். செய்யாததை எழுதாதிருக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, உணவுக்கடைச் சிப்பந்திகள் ஒன்று சேர வேண்டும். நமக்குச் சங்கம் இருக்கின்றது. சம்பளம் ஒரு ரூபா குறைந்தால் வீதிக்கு இறங்குகின்றோம். நமக்குச் சோறு பரிமாறுபவனுக்குச் சங்கம் இல்லை. நமது சங்கக் கூட்டங்கள் முடிந்ததும் நாம் தேநீர் குடிக்கப் போகும் கடையிலிருந்தே இவ்வேலையைத் தொடங்கலாம்.

கட்டுரையை முடிக்குமுன் அப்பொடியனைப் பற்றி ஒரு வார்த்தை. அவனைத் தேடிப் போய்க் கண்டேன். இப்போது மேசன் ஒருவரோடு கல் சுமக்கின்றான். நடந்ததைக் கேட்டபோது அவன் யாரையும் ஏசவில்லை. "அந்தச் சேர் எழுதினது பொய்யில்லை, சேர். சோறு ஆறித்தான் இருந்தது. ஆனால் ஏன் ஆறினதெண்டு ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை" என்றான்.

இதனை என் நண்பரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு கைத்தொலைபேசியை எடுத்துத் தாம் எழுதியதிலிருந்து பொடியனைப் பற்றிய வரிகளை அழித்தார். அழிப்பதற்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. ஆனால் அவனது வேலை திரும்பி வரவில்லை.

அடுத்த முறை நமது கோப்பையில் சோறு ஆறியிருக்கும்போது, கைத்தொலைபேசியை எடுக்குமுன் நிமிர்ந்து பார்ப்போம். எத்தனை மேசைக்கு எத்தனை கைகள் ஓடுகின்றன என்று எண்ணிப் பார்ப்போம். குறையைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அதன் காரணத்தைக் கேட்கும் கடமையும் அதனோடு சேர்ந்தே வருகின்றது.